ஊட்டி டூ சிங்கப்பூர், மலேசியா: மலிவு டிக்கெட்டில் இருக்கும் விசா சிக்கல்!

நீலகிரியில் விமான நிலையம் இல்லை, பக்கம் கோவைதான். அங்கிருந்து ஸ்கூட் விமானம் நேரடியாக சிங்கப்பூர் போகிறது. அப்படியே மலேசியாவையும் பார்த்துடலாம்னு திட்டமா? முதல்ல விசாவைக் கவனிங்க.

மலேசியா: 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு விசா வேண்டாம். 30 நாள் தங்கலாம். போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பணும். கட்டணம் கிடையாது.

சிங்கப்பூர்: சுற்றிப் பார்க்க விசா கட்டாயம்.

சிக்கல் எங்கே?

கோவை–சிங்கப்பூர், சிங்கப்பூர்–கோலாலம்பூர் என ரெண்டு தனி டிக்கெட் போட்டால் விலை குறையலாம். ஆனால், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய சிங்கப்பூருக்குள் நுழையணும். அதுக்கு விசா வேணும். முதல் விமானம் தாமதமானால் ரெண்டாவது டிக்கெட் காசும் போச்சு.

என்ன செய்யலாம்?

* மலேசியா மட்டும்னா, ஒரே புக்கிங்கில் பெட்டி கடைசி ஊர் வரை போகும் டிக்கெட் எடுங்க.
* ரெண்டு நாடும்னா, முதலில் சிங்கப்பூர் விசா, பிறகு டிக்கெட். சிங்கப்பூர்–கோலாலம்பூர் பஸ்ஸிலேயே போகலாம். திரும்ப சிங்கப்பூர் வழியா வருவதானால், பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்க.
* பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகணும்.
* மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். முந்தின நாளே மலை இறங்கிடுங்க.