வரைபடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிதம்பரம்

சுற்றுலா வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலிலிருந்தே தொடங்குகின்றன. கோயில், கடற்கரை, காடு, கோட்டை எனக் காணத்தக்க இடங்களைத் தொகுத்து, மதிப்பெண் இட்டு, வரைபடத்தில் குறிக்கிறார்கள். புள்ளிகள் அடர்ந்துள்ள பகுதிக்குச் சாலையும் விடுதியும் நிதியும் செல்கின்றன. பட்டியலில் இல்லாத ஊர், நிதியிலும் இல்லாமல் போகிறது.

கடலூர் மாவட்டத்தை இவ்வாறு அளந்தால் கிடைக்கும் படம் நாம் அறிந்ததே. வடக்கே வெள்ளிக் கடற்கரை, புனித டேவிட் கோட்டை, பாடலீசுவரர் கோயில். தெற்கே நடராசர் கோயில், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம். உள்ளே தள்ளி வடலூர். எஞ்சிய பகுதி வெற்றிடமாகத் தெரிகிறது. இவ்வெற்றிடம் நிலத்தில் உள்ளதா, அளவுகோலில் உள்ளதா என்பதே நம் கேள்வி.

சிதம்பரம் என்றதும் பட்டியல் கோபுரத்தோடு நின்றுவிடுகிறது. நந்தனார் தீயில் இறங்கிய இடமாக மக்கள் நினைவில் நிற்கும் ஓமக்குளமும் அதே நகரில்தான் உள்ளது. சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் கல்விக்கூடம் தலைமுறைகளைப் படிக்க வைத்தது. காட்டுமன்னார்கோயில் மண்ணின் மைந்தர் எல். இளையபெருமாள் தலைமையேற்ற தீண்டாமை ஒழிப்புக் குழு 1969இல் அளித்த அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. அவருக்கு 2025இல் சிதம்பரத்தில் நூற்றாண்டு நினைவரங்கம் திறக்கப்பட்டுள்ளது. இவற்றை ஒரே பயணப் பாதையாக இணைத்தால், இந்திய சமூகநீதி வரலாற்றின் முக்கியமான ஏடு ஒன்று மாணவர் கண்முன் விரியும்.

பிச்சாவரத்தில் சிக்கல் வேறு. 2022இல் ராம்சார் தகுதி பெற்ற அச்சதுப்புக்காடு பட்டியலில் உண்டு. ஆனால் அதன் மனிதர்கள் இல்லை. வெறுங்கையால் இறால் பிடித்து வாழும் இருளர்கள், 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மேற்கொண்ட சீரமைப்பில் பங்கேற்றவர்கள். அவர்கள் உழைப்பால் தழைத்த காட்டில் படகுத்துறை விரிவடையும்போது, மீன்பிடி உரிமையும் வருவாயில் பங்கும் அவர்களுக்கு உறுதியாக வேண்டும். இல்லையெனில் வளர்ச்சி என்பது வெளியேற்றத்தின் மறுபெயராகிவிடும்.

மக்களைக் கலந்தே திட்டமிடுவதாக அரசு கூறலாம். 2020இல் சிதம்பரத்தை அடுத்த தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார். நாற்காலியே மறுக்கப்படும் இடத்தில் கருத்துக்கேட்பு என்பதன் பொருள் என்ன?

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, மதிப்பீட்டில் சமூகநீதி நினைவிடங்களுக்குத் தனி வகைப்பாடு வேண்டும். இரண்டு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி இருளர் உரிமைகளை முடிவுசெய்த பின்னரே பிச்சாவர விரிவாக்கம் நடைபெற வேண்டும். மூன்று, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிக்கென 2024இல் தமிழ்நாடு இயற்றிய செயல்திட்டச் சட்டப்படி, சுற்றுலா நிதியில் இம்மக்களுக்குரிய பங்கு வெளிப்படையாகக் காட்டப்பட வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் உள்ள இம்மாவட்டத்தில், அரசின் வரைபடத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சேரிதோறும் சென்று, முதியோரிடம் கேட்டு, விடுபட்ட இடங்களை மாணவர்களே குறிக்கலாம். அவ்வரைபடத்தை முன்வைத்து அரசிடம் வாதிடுவோம்.