டீ கொடுத்தால் மட்டும் போதுமா? நாடாளுமன்றத்தில் ‘நாகரிகம்’ என்பதற்கு என்ன அர்த்தம்?

2020 செப்டம்பர் 22, காலை. டெல்லி நாடாளுமன்ற வளாகப் புல்வெளியில், காந்தி சிலைக்கு அருகே, மாநிலங்களவை உறுப்பினர்கள் எட்டு பேர் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய நாள்தான் அவர்கள் அவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க டீயும் சிற்றுண்டியும் எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ். எந்த அமர்வில் மோதல் வெடித்ததோ, அந்த அமர்வை நடத்தியவரே அவர்தான்.

எம்.பி.க்கள் டீயைத் தொடவில்லை. பிரதமர் நரேந்திர மோதி ஹரிவன்ஷின் பெருந்தன்மையைப் பாராட்டி ட்வீட் செய்தார். உறுப்பினர்களின் நடத்தை தன்னைப் புண்படுத்திவிட்டதாகக் கூறி, ஹரிவன்ஷ் ஒரு நாள் உண்ணாவிரதம் அறிவித்தார்.

‘டீ கொண்டு வந்தவர்கிட்ட இப்படியா நடந்துக்கிறது?’ என்று கேட்கத் தோன்றும். ‘அடிச்சுட்டு மருந்து போடறதா?’ என்றும் கேட்கலாம். எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததைப் பார்த்துவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?

செப்டம்பர் 20. மூன்று வேளாண் மசோதாக்களில் இரண்டு மாநிலங்களவையில் இருந்தன. அவற்றைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது எதிர்க்கட்சிகளின் கோரிக்கை. அதற்கான தீர்மானம் கொண்டுவந்தவர்களில் திமுகவின் திருச்சி சிவாவும் ஒருவர். அவர்கள் கேட்டது எண்ணும் வாக்கெடுப்பு. அதாவது யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று ஒவ்வொரு வாக்கும் பதிவாக வேண்டும்.

நடந்ததோ குரல் வாக்கெடுப்பு. ‘ஆம்’ சத்தம் அதிகமா, ‘இல்லை’ சத்தம் அதிகமா என்று அவைத் தலைமை கேட்டுச் சொல்வதுதான் அது. அந்த முடிவை உறுப்பினர்கள் ஏற்காவிட்டால் எண்ணும் வாக்கெடுப்பு கேட்க விதி இடம் தருகிறது.

‘அவர்கள் தங்கள் இருக்கையிலிருந்து கேட்கவில்லை, அவையும் ஒழுங்கில் இல்லை’ என்பது ஹரிவன்ஷ் தரப்பு விளக்கம். ‘இருக்கையிலிருந்துதான் கேட்டோம், ஒளிபரப்புக் காட்சியே சாட்சி’ என்பது எதிர்க்கட்சிகளின் பதில். அதற்குள் தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன, மைக்குகள் இழுக்கப்பட்டிருந்தன, விதிப் புத்தகத்தோடு அவைத் தலைமையின் மேஜை வரை உறுப்பினர்கள் போயிருந்தார்கள்.

மைக்கைப் பிடித்து இழுத்ததை யாரும் நியாயப்படுத்தத் தேவையில்லை, அது தப்புதான். ஆனால் அன்று மரியாதைக் குறைவு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமா வந்தது?

மரியாதையில் இரண்டு வகை

நம் ஆபீஸ் மீட்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?’ என்று புன்னகையோடு கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ‘சரி, அடுத்த விஷயம்’ என்று தாண்டிப் போகும் மேனேஜரைப் பார்த்திருப்பீர்கள். அவர் குரலை உயர்த்தவில்லை, எல்லோருக்கும் காபிகூட வாங்கிக் கொடுத்திருப்பார். ஆனாலும் வெளியே வரும்போது அவமானப்பட்ட மாதிரி இருக்கும்.

பேசும் விதத்தில் இருக்கும் மரியாதை ஒன்று. எதிர்த்தரப்பைப் பேசவிட்டு, அதைக் கணக்கில் எடுத்து, பதில் சொல்வதில் இருக்கும் மரியாதை இன்னொன்று. முதலாவது இல்லாவிட்டால் அவை அசிங்கமாகத் தெரியும். இரண்டாவது இல்லாவிட்டால் அவைக்கே வேலை இல்லாமல் போகும். டிவியில் நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் முதல் வகை மீறல்தான். இரண்டாவது வகை மீறல் நடக்கும்போது அவை அமைதியாக இருக்கும், அதனால் வீடியோவில் அது தெரிவதில்லை.

மசோதாக்கள் நாடாளுமன்றக் குழுக்களுக்குப் போவதைப் பாருங்கள். கேமரா இல்லாமல், பல கட்சி எம்.பி.க்கள் உட்கார்ந்து, துறை வல்லுநர்களை அழைத்துப் பேசும் இடம் அது. பிஆர்எஸ் அமைப்பின் கணக்குப்படி, 15ஆவது மக்களவை காலத்தில் (2009-14) 71% மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் (2019-24) அது 16%. சத்தமில்லாமல் சண்டை போட இருந்த அறை சுருங்கினால், சண்டை அவை நடுவே வரத்தானே செய்யும்?

அவசரப்பட்டதில் என்ன மிச்சம்?

வேளாண் சட்டங்கள் நிறைவேறின. 2020 நவம்பர் இறுதியில் விவசாயிகள் டெல்லி எல்லைகளான சிங்கு, டிக்ரி பகுதிகளில் முகாமிட்டார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்தது. குடியரசு தினத்தன்று நடந்த டிராக்டர் பேரணி செங்கோட்டையில் வன்முறையாக மாறி, போராட்டத்தின் பெயரையும் கெடுத்தது. அடுத்த மாதம் மாநிலங்களவையில் பிரதமர், போராட்டங்களை வைத்தே பிழைப்பவர்கள் என்ற பொருளில் ‘அந்தோலன்ஜீவி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்.

2021 நவம்பர் 19 அன்று பிரதமரே பின்வாங்கலை அறிவித்தார். நவம்பர் 29 அன்று ரத்து மசோதா, ஒரே நாளில், விவாதமே இல்லாமல் இரு அவைகளிலும் நிறைவேறியது. விவாதம் வேண்டும் என்று அன்றும் எதிர்க்கட்சிகள் கேட்டன. அதே நாளில், முந்தைய கூட்டத்தொடரில் நடந்துகொண்ட விதத்துக்காக 12 மாநிலங்களவை உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

சட்டங்கள் நல்லவை என்று நினைப்பவருக்கும் இதில் நஷ்டம்தான். ஏன் தேவை என்பதைக் குழுவில் வைத்து நிதானமாக விளக்கியிருந்தால் அவற்றில் கொஞ்சமாவது பிழைத்திருக்கலாம். கடைசியில் அவை ஏன் போயின என்பதற்குக்கூட அவைக் குறிப்பில் ஒரு விவாதம் இல்லை.

ஒரே தட்டில் சாப்பிட்ட நாள்

இதே கதையில் இன்னொரு சாப்பாட்டுக் காட்சியும் உண்டு. விஞ்ஞான் பவனில் பேச்சுவார்த்தைக்கு வந்த விவசாயத் தலைவர்கள் ஆரம்பத்தில் அரசு தந்த மதிய உணவை மறுத்து, தங்கள் லங்கர் உணவையே வரவழைத்துச் சாப்பிட்டார்கள். டிசம்பர் 30 அன்று மத்திய அமைச்சர்களும் அந்த லங்கர் உணவை அவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். வைக்கோல் எரிப்பு அபராதம், மின்சார மசோதா என நான்கு கோரிக்கைகளில் இரண்டில் அன்று உடன்பாடு வந்தது. முக்கியமான இரண்டும் தீரவில்லைதான். ஆனாலும் புல்வெளி டீக்கும் இந்த ரொட்டிக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா? இங்கே மேஜையில் கோரிக்கைப் பட்டியலும் இருந்தது, பதிலும் இருந்தது.

‘அவங்க மட்டும் யோக்கியமா?’

நியாயமான கேள்வி. 2010 குளிர்காலக் கூட்டத்தொடரை நினைவிருக்கிறதா? 2ஜி விவகாரத்தில் கூட்டு நாடாளுமன்றக் குழு வேண்டும் என்று, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜக உள்ளிட்ட கட்சிகள் கிட்டத்தட்ட அந்தத் தொடரையே முடக்கின. குழு கிடைத்தது 2011இல். எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும்போது அமளி ஜனநாயகமாகத் தெரிகிறது. ஆளும் வரிசைக்கு மாறியதும் அதே அமளி அராஜகமாகிவிடுகிறது.

தண்டனைகளிலும் அளவுகோல் நேராக இல்லை. 2023 செப்டம்பரில் பாஜக எம்.பி. ரமேஷ் பிதூரி, சக உறுப்பினர் டேனிஷ் அலியை மதத்தைச் சொல்லி மக்களவையிலேயே வசைபாடினார். வார்த்தைகள் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன, சபாநாயகர் எச்சரித்தார், இடைநீக்கம் இல்லை. மூன்று மாதம் கழித்து, நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று பதாகை பிடித்து, கோஷமிட்ட எதிர்க்கட்சியினர் 146 பேர் இரு அவைகளிலும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று அவையிலேயே இல்லாத சேலம் எம்.பி. எஸ்.ஆர்.பார்த்திபன் பெயரும் முதல் பட்டியலில் இருந்தது. பிறகு தவறு என்று நீக்கினார்கள்.

பதாகை பிடிப்பது விதிமீறல்தான். ஆனால் சக மனிதரை இழிவு செய்வதைவிட, பதில் கேட்பது பெரிய குற்றமாக நடத்தப்பட்டால், ‘நாகரிகம்’ என்ற சொல்லுக்கே மரியாதை போய்விடும்.

இதில் உங்களுக்கு என்ன வேலை?

அவையில் தாள்கள் பறக்கும் 30 விநாடி வீடியோ நிச்சயம் மறுபடியும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும். ஃபார்வர்டு செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கத்துவதற்கு முன்னால் அவர்கள் என்ன கேட்டார்கள்? அதைக் கேட்க விதியில் இடம் இருந்ததா? என்ன பதில் கிடைத்தது? உங்களுக்குப் பிடித்த கட்சி கத்தும்போதும், பிடிக்காத கட்சி கத்தும்போதும் அதே மூன்று கேள்விகள்தான். அப்போதுதான் அது நேர்மையான கணக்கு.

அப்படியே நம் டீம் மீட்டிங்கிலும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் இதை முயன்று பார்க்கலாம். ‘மரியாதையா பேசு’ என்று சொல்வதற்கு முன், எதிரில் இருப்பவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டோமா என்று யோசியுங்கள். சொல்லியிருந்தால், அப்புறம் நீட்டும் டீயை அவர் மறுக்க மாட்டார்.