பக்கத்து நிலத்துக்கும் எனக்கும் ஒரே மண்வள அட்டையா?

'பென்னாகரம் பக்கத்தில் எனக்கு 3 ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. மண்வள அட்டை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரரின் அட்டையோடு வைத்துப் பார்த்தால் எல்லா எண்களும் ஒன்றாகவே இருக்கின்றன. போன வருடம் நான் ஏரி வண்டல் அடித்தேன். அவர் அடிக்கவில்லை. என் மண்ணைச் சோதித்தார்களா, பார்க்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார்களா? இதை நம்பி மரவள்ளிக்கு உரம் வாங்கலாமா?'

- வாசகி, பென்னாகரம்

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், அட்டையில் உள்ள எண்கள் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவை உங்கள் நிலத்து எண்களாக இல்லாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் ஒவ்வொருவர் நிலத்திலும் தனித்தனியாக மண் எடுக்கவில்லை. ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். பாசன நிலம் என்றால் 2.5 ஹெக்டேர், அதாவது சுமார் 6 ஏக்கருக்கு ஒரு மாதிரி. மானாவாரி என்றால் 10 ஹெக்டேர், சுமார் 25 ஏக்கருக்கு ஒரு மாதிரி. அந்தக் கட்டத்துக்குள் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அதே எண்கள்தான் அட்டையில் வரும். உங்களுடையதும் பக்கத்து நிலமும் ஒரே கட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

மண் எங்கே எடுத்தார்கள் என்று நீங்களே பார்க்கலாம். அட்டையில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் இருக்கும். வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி செல்போன் மேப்பில் போட்டுப் பாருங்கள். புள்ளி உங்கள் நிலத்தில் விழவில்லை என்றால், நீங்கள் அடித்த வண்டல் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. அந்த அட்டையைச் சுற்றுவட்டார மண்ணின் பொதுக் குணத்தைத் தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக்கு உரம் வாங்க உங்கள் மண்ணைத் தனியாகக் கொடுத்துச் சோதிப்பதே நல்லது.

மண் எடுப்பது உங்கள் கையில்

ஓர் ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ இருக்கும். நீங்கள் கொண்டுபோவது அரை கிலோ. ஆய்வகத்தில் ஒரு சோதனைக்கு எடுப்பது சில கிராம். அந்தச் சில கிராம் முழு நிலத்துக்கும் சாட்சி சொல்ல வேண்டும். பை தவறாக வந்தால் எவ்வளவு நல்ல கருவியாலும் திருத்த முடியாது.

வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், உரம் போட்டுச் சில நாளே ஆன இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவில் குழி வெட்டி, இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். கேழ்வரகு, சாமை, நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம் போதும். மரவள்ளிக்கு 22 செ.மீ. வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்துங்கள். துத்தநாகம், இரும்புச் சத்தும் பார்க்க வேண்டும் என்றால் துருப்பிடித்த மண்வெட்டி, தகர வாளி கூடாது. வண்டல் அடித்த பாகத்தையும் அடிக்காத பாகத்தையும் ஒரே பையில் கலக்காதீர்கள்.

பை உள்ளே போன பிறகு

முதலில் பதிவு செய்து ஓர் ஆய்வக எண் தருவார்கள். அதன்பிறகு உங்கள் மண்ணுக்கு அந்த எண்தான் பெயர். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மண்ணை உலர்த்தி, மரச் சுத்தியால் தட்டி, 2 மி.மீ. சல்லடையில் சலிப்பார்கள்.

'ஒரு பை மண்ணுக்கு இத்தனை நாளா?' என்று பலரும் கேட்கிறார்கள். கார அமிலத் தன்மையைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். தழைச்சத்துக்கு ஒவ்வொரு மாதிரியையும் தனியாகக் காய்ச்சி வடிக்க வேண்டும். நுண்ணூட்டம் பார்க்கும் கருவியில் துத்தநாகத்துக்கு ஒரு விளக்கு, இரும்புக்கு வேறு விளக்கு. கருவியைச் சூடேற்றி, அளவு தெரிந்த கரைசலை முதலில் ஓட்டிச் சரிபார்த்த பிறகே மாதிரிகளை வைப்பார்கள். ஒரே பைக்காக இத்தனையும் செய்ய முடியாது என்பதால் பைகள் சேர்ந்ததும் மொத்தமாக ஓட்டுகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் பெரிய கருவி மையங்களுக்கு அனுப்பும் மாதிரிகளும் இப்படித்தான் வரிசையில் காத்திருக்கின்றன. அதனால் நடவுக்கு முந்தின வாரம் ஓடாமல், முந்தைய அறுவடை முடிந்ததுமே, எரு அடிப்பதற்கு முன்பே மண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

சீட்டில் என்ன எழுதுகிறீர்கள்?

பெயர், சர்வே எண், மானாவாரியா பாசனமா, போன பயிர், அடுத்து வைக்கப்போகும் பயிர் ஆகியவற்றை எழுத வேண்டும். பயிரை எழுதாவிட்டால் எண்கள் வரும், மரவள்ளிக்கான பரிந்துரை வராது. நுண்ணூட்டம் வேண்டும் என்றால் அதையும் கேட்டு எழுதுங்கள். ரிசல்ட் வந்ததும், அளவு ஹெக்டேருக்கா ஏக்கருக்கா என்று முதலில் பாருங்கள். ஹெக்டேர் கணக்கை ஏக்கருக்குப் போட்டால் இரண்டரை மடங்கு உரம் விழுந்துவிடும்.

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டால் மண்ணை எங்கே கொடுப்பது என்று சொல்வார். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் உங்களுக்குப் பக்கம்தான். போவதற்கு முன் போனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

'கிணற்றுத் தண்ணீரையும் அங்கேயே கொடுத்தால் குடிக்கலாமா என்று சொல்வார்களா?'

- அதே வாசகி

மண் ஆய்வகத்தில் பாசன நீருக்கான சோதனைதான் செய்வார்கள். உப்பு எவ்வளவு, பயிர் தாங்குமா என்பது அதில் தெரியும். 'பாசனத்துக்கு ஏற்றது' என்று ரிசல்ட் வந்தால் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது பழைய பிரச்னை. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நிறமும் ருசியும் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. இதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகி, 'குடிநீர், ஃபுளோரைடு பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

மண்ணோ தண்ணீரோ, கையில் கொடுத்த மாதிரியைப் பற்றி, சீட்டில் எழுதிக் கேட்டதற்குத்தான் ஆய்வகம் பதில் சொல்லும். இந்த முறை உங்கள் நிலத்து மண்ணையே கொடுத்து, மரவள்ளி என்று எழுதிக் கேளுங்கள்.