இளஞ்சூட்டு நீரும் இறையன்பும்



சல்லிக் கடற்கரையில் மார்கழி வாடை வீசத் தொடங்கினால், அதிகாலைக் கிணற்று நீரைத் தொட இளையோரே தயங்குவர். அவ்வேளையில் எண்பது வயதுத் தாயொருவரின் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அவர் என்ன பாடுபடுவார்? முதுமையில் தோல் மெலிகிறது. அதனடியிலுள்ள கொழுப்புக் குறைகிறது. உடல் தன் வெப்பத்தைக் காக்க இயலாமற் போகிறது. ஆகவே, முதியோர் இல்லங்களில் குளிக்க மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று கடிந்துகொள்ளுமுன், மறுப்பின் காரணத்தை ஆராய வேண்டும். அது குளிரின் நடுக்கமாயிருக்கலாம். வழுக்கி விழும் அச்சமாயிருக்கலாம். பிறர் முன் ஆடை களையும் நாணமாயிருக்கலாம்.

இறுதி இராவுணவின்போது நம் ஆண்டவர் துண்டை இடையில் கட்டி, பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடரின் பாதங்களைக் கழுவினார் (யோவான் 13). கழுவப்படுகிறவரைத் தாழ்த்தாமல், கழுவுகிறவர் தம்மைத் தாழ்த்திய செயல் அது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014ஆம் ஆண்டின் பெரிய வியாழனன்று, உரோமையிலுள்ள பராமரிப்பு நிலையமொன்றில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளுமான 12 பேரின் பாதங்களைக் கழுவினார். 1839இல் பிரான்சில், பார்வையிழந்து உடல் முடங்கிய மூதாட்டியொருவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து வந்து, தம் படுக்கையையே அவருக்கு அளித்த ஜான் ஜூகன், 2009இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இவ்வன்பு நடைமுறையிலும் விளங்க வேண்டும். முதியோருக்குச் சூட்டை உணரும் திறனும் குறைவு. எனவே, வாளியில் முதலில் தண்ணீரையும் பின்னர் வெந்நீரையும் கலந்து, முழங்கையால் சூடு பார்த்தல் நன்று. உடலின் வெப்பத்தையொத்த, ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் போதுமானது. யன்னலை அடைத்து, வழுக்காத விரிப்பும் உறுதியான கதிரையும் சுவரிற் கைப்பிடியும் அமையுங்கள். துவாயாற் போர்த்தி, கழுவும் பாகத்தை மட்டும் திறவுங்கள். சொல்லிவிட்டு நீர் வாருங்கள். பாதத்தில் தொடங்கித் தலையை இறுதியில் நனையுங்கள். இயலாத நாளில் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் படுக்கையிலேயே துடைத்துவிடலாம். மறதி நோயுள்ள இல்லவாசிகளிடம் இத்தகைய கனிவான முறைகளைக் கையாண்டபோது அவர்களின் எதிர்ப்பும் துன்பமும் பெரிதும் குறைந்தன என 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

நமது திருகோணமலையை அடுத்த கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவற்றை உண்டாக்கினான் என்பது மரபுக் கதை. நாமும் நவம்பர் மாதத்தில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். மறைந்த தாய்க்குரிய கடனை மறவாத நாம், உயிரோடிருக்கும் தாய்க்கு ஒரு வாளி வெந்நீரை மறக்கலாமோ?

முதியோர் இல்லத்திற்குப் பழமும் பிஸ்கற்றும் கொண்டு செல்லும் குடும்பங்களே, அடுத்த முறை அங்குள்ள குளியலறையைப் பற்றியும் பொறுப்பாளரிடம் பரிவோடு கேளுங்கள். குறைவான பணியாளர்களோடு பலரைப் பராமரிக்கும் அவர்களின் சுமையையும் உணருங்கள். ஒரு கைப்பிடியோ, கதிரையோ, வெந்நீர்க் கருவியோ வாங்கப் பங்கு மக்கள் ஒன்றுகூடினால் அரிதன்று. அறிவு தளர்ந்த நிலையிலும் பெற்றோரைப் பொறுமையோடு பேணுமாறு சீராக் நூல் (3ஆம் அதிகாரம்) நம்மைப் பணிக்கிறது. நடுங்கும் ஓர் உடலுக்கு நாம் வார்க்கும் இளஞ்சூட்டு நீர், ஆண்டவரின் பாதங்களிலேயே வார்க்கப்படுகிறது.