தலையைக் காத்தால் கோப்பை கைநழுவுமா?

2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நைட்ஸ் கிளப்புக்கு வந்த சோதனையை எந்தப் பயிற்சியாளரும் விரும்பமாட்டார். ரக்பி லீக் பருவம் தொடங்கி இரண்டாவது ஆட்டத்திலேயே கேப்டன் கேலின் பொங்கா தலையில் அடிபட்டு வெளியேறினார். முந்தைய ஆண்டுதான் ஆறு வாரத்துக்குள் மூன்று முறை கன்கஷன் எனும் மூளை அதிர்ச்சி ஏற்பட்டு, மீதிப் பருவம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர். அவரை எப்படியாவது சீக்கிரம் களத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நெருக்கடி கிளப்புக்கு இருந்திருக்கும். ஆனாலும் அவர் கனடாவுக்குப் போய் நரம்பியல் பரிசோதனை செய்துகொண்டு வரும்வரை அணி அவர் இல்லாமலே ஆடியது. திரும்பி வந்த சில வாரங்களில், எதிராளிகளை ஓயாமல் மடக்க வேண்டிய ஃபைவ்-எய்த் இடத்திலிருந்து, அந்த வேலை குறைவான ஃபுல்பேக் இடத்துக்குப் பழையபடி மாற்றப்பட்டார். குயின்ஸ்லாந்து மாநில அணி ஆடும் ஆரிஜின் தொடரின் முதல் ஆட்டத்திலிருந்தும் தாமே விலகிக்கொண்டார். பருவத்தின் கடைசி ஒன்பது லீக் ஆட்டங்களையும் நைட்ஸ் தொடர்ந்து வென்று ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், பொங்காவுக்குக் கிடைத்தது. ஒரு வீரரின் கதையை வைத்து விதி எழுத முடியாது என்பது உண்மைதான். ஆனால் வீரரின் தலையைப் பற்றிக் கவலைப்படும் கிளப் தோற்றுப்போகும் என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கதை ஒன்றே போதுமான மறுப்பு.

நம் வாசகர்களில் ரக்பி தெரிந்தவர்கள் பெரும்பாலும் இலங்கையில் ஆடப்படும் 15 பேர் ஆட்டத்தை, அதாவது ரக்பி யூனியனை அறிந்தவர்கள். லீக் என்பது 13 பேர் ஆட்டம். ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஆட்டமே ஓட்டம், மோதல், எழுச்சி, மறுபடி ஓட்டம் என்று நகர்கிறது. ஒரே ஆட்டத்தில் டேக்கிள் எனப்படும் மடக்கல்கள் பல நூறு விழும். 1895இல் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில், ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் தாய் அமைப்பிலிருந்து பிரிந்து இந்த ஆட்டத்துக்கு வித்திட்டன. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த வீரர்கள், ஆடுவதற்காக விடுப்பு எடுத்து இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் மையக் கோரிக்கை. உடம்பைக் கொடுத்து ஆடுகிறவனின் இழப்பை யார் சுமப்பது என்ற கேள்வி இந்த ஆட்டத்தின் பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது. அதை இன்று எழுப்புகிறவர்களை ஆட்டத்தின் எதிரிகள் என்று சொல்வது வேடிக்கை.

அன்று இழந்தது அரைநாள் கூலி. இன்று இழப்பது என்ன என்பதை மருத்துவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவருகிறது. சிடிஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மூளைச் சிதைவு நோயை, இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான் உறுதிசெய்ய முடியும். அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் கண்டறியப்பட்ட அந்த நோய், ஆஸ்திரேலியாவின் முன்னாள் ரக்பி லீக் வீரர்கள் இருவரின் மூளையிலும் இருந்ததை 2019இல் சிட்னி ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். 2022இல் 49 வயதில் இறந்த முன்னாள் வீரர் பால் கிரீனின் மூளையிலும் அது இருந்தது. 2015இல் நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ் அணிக்குக் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர் அவர். இங்கிலாந்தில் பாபி கோல்டிங் தமக்கு 49 வயதிலேயே டிமென்ஷியா வந்திருப்பதை 2021இல் வெளியே சொன்னார். அவரும் முன்னாள் வீரர்கள் பலரும் ஆட்டத்தை நடத்தும் அமைப்பின் மீது வழக்கு தொடுத்தனர். எல்லா வீரருக்கும் இந்த நோய் வரும் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லவும் போதுமான தரவு கிடையாது. ஆனால் 2023இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமானது. 631 அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைகளை ஆராய்ந்த அந்த ஆய்வில், எத்தனை கன்கஷன் என்ற எண்ணிக்கையைவிட, ஆடிய காலம் முழுவதும் தலை வாங்கிய அடிகளின் மொத்த விசையே நோயோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. மயங்கி விழவைக்கும் பெரிய அடியை மட்டும் கவனித்தால் போதாது. யாரும் கவனிக்காத ஆயிரம் சின்ன அடிகளும் கணக்கில் ஏறுகின்றன. இதை மறுபடி பேச வேண்டியிருக்கும்.

முதலில் பெரிய அடியையே எடுத்துக்கொள்வோம். தலையில் அடிபட்டவர் தொடர்ந்து ஆடலாமா என்பதை யார் முடிவுசெய்வது? நீண்ட காலம் அது கிளப்பின் கையில் இருந்தது. கிளப் மருத்துவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது கிளப். அவர் வெளியே அனுப்பும் வீரருக்குப் பதில் ஆள் இல்லையென்றால் தோற்பதும் கிளப்தான். என்ஆர்எல் என்ற ஆஸ்திரேலிய லீக், தலைக்காயப் பரிசோதனையை 2014இல் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு கழித்தும், 2017இல், அந்த நடைமுறையை மீறியதற்காக ஒரே வாரத்தில் மூன்று கிளப்புகள் மீது பெருந்தொகை அபராத நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. அந்த மூன்றில் நைட்ஸும் ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் பொறுமை காத்த கிளப்பும் 2017இல் சிக்கிய கிளப்பும் ஒன்றேதான். இடையில் நிர்வாகிகள் மகான்களாகிவிடவில்லை, விதி மாறியிருந்தது. 2022 முதல் வீடியோ மையத்தில் அமர்ந்திருக்கும் சுயாதீன மருத்துவரே வீரரை வெளியேற்ற உத்தரவிடுகிறார். கன்கஷன் உறுதியானவர் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஆடக் கூடாது என்ற விதியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வெற்றியால் லாபம் அடைகிறவரிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை முடிவைப் பறித்தால்தான் பாதுகாப்பு வரும். என் வாதம் முழுவதும் அதுதான்.

அப்படிப் பறித்தால் கிளப்புக்கு நஷ்டமா? சிட்னி ரூஸ்டர்ஸைப் பாருங்கள். 2018, 2019 என்று அடுத்தடுத்து கோப்பை வென்ற அணி. 2021இல் சில வார இடைவெளியில் அதன் ஹூக்கர் ஜேக் ஃப்ரெண்டும், 29 வயதே ஆன கேப்டன் பாய்ட் கார்ட்னரும் தலைக்காயங்களால் ஓய்வை அறிவித்தனர். அந்த அணியின் அனுபவத்தில் பாதி அன்று கரைந்துபோனது. என்ஆர்எல்லில் சம்பள உச்சவரம்பு உண்டு. பணத்தைக் கொட்டி நாளையே இன்னொரு கார்ட்னரை வாங்கிவிட முடியாது. பத்தாண்டு வளர்த்த வீரரை 29 வயதில் இழப்பதைவிட, வருடத்துக்கு நான்கு ஆட்டம் உட்காரவைப்பது கிளப்புக்கு மலிவு. இந்தக் கணக்கு நிர்வாகிகளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பயிற்சியாளரின் வேலை அடுத்த மூன்று தோல்விகளில் போய்விடலாம். வீரரின் ஐந்தாண்டுகளை நினைக்க அவருக்கு நேரமில்லை. அதனால்தான் கிளப்பின் நீண்டகால நலனைக்கூட கிளப்புக்கு வெளியே இருந்து காக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின் வீரியம் போய்விடும் என்பது எதிர்த்தரப்பின் பழைய வாதம். 2021 மே மாதம் பிரிஸ்பேனில் நடந்த, ஒரு சுற்றின் எல்லா ஆட்டங்களும் ஒரே ஊரில் ஆடப்படும் மேஜிக் ரவுண்டில் அது உச்சக் குரலில் ஒலித்தது. தலையைத் தொட்டால் தண்டனை என்று நடுவர்கள் இறங்க, எட்டு ஆட்டங்களில் மூன்று பேர் முழுதாக வெளியேற்றப்பட்டனர். 14 பேர் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்தனர். ஆட்டம் செத்தது என்றார்கள். பருவத்தின் நடுவில் முன்னறிவிப்பு போதாமல் கடுமை காட்டியது நிர்வாகத்தின் அவசரம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பிறகு நடந்தது என்ன? அந்த 2021இலிருந்து 2024 வரை நான்கு கோப்பைகளையும் பென்ரித் பாந்தர்ஸ் வரிசையாக வென்றது. அவர்களுடைய அடித்தளமே தடுப்பாட்டம். அந்த நான்கில் முதல் மூன்று பருவங்களில் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அதுதான். தலையில் கை படாமல் எதிராளியை நிறுத்த முடியாது என்றால், தண்டனை கடுமையான ஆண்டுகளில் தடுப்பில் சிறந்த அணி எப்படிச் சாம்பியனானது? தோளால் மட்டும் மோதும் ஷோல்டர் சார்ஜை 2013இல் தடைசெய்தபோதும் இதே ஒப்பாரி கேட்டது. கூட்டம் ஓடிவிடவில்லை. 2024இல் லாஸ் வேகாஸில் பருவத்தைத் தொடங்கியபோது, ரக்பி லீக்கை அதிகம் அறியாத அந்த ஊரில் 40,000க்கு மேற்பட்டோர் வந்தனர். இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். நிமிர்ந்து நின்று மடக்கும்போது மடக்குகிறவரின் தலைக்கும் ஆபத்து உண்டு என்பதை ரக்பி யூனியன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டேக்கிளின் உயரத்தை அக்குள் மட்டத்துக்குக் கீழே இறக்க இங்கிலாந்தின் லீக் அமைப்பு 2023 இறுதியில் எடுத்த முடிவு, பந்து வைத்திருப்பவருக்கு மட்டும் தந்த சலுகை அல்ல.

அடுத்த ஆட்சேபம் கனமானது: அவர்கள் வயது வந்தவர்கள், ஆபத்து தெரிந்தே சம்பளம் வாங்குகிறார்கள், மற்றவர்களுக்கு என்ன? பொதுவாக நானும் இந்த வாதத்தை மதிக்கிறவன்தான். மலை ஏறுகிறவரையோ குத்துச்சண்டைக்காரரையோ தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் சம்மதம் என்பதற்குத் தெளிந்த மூளை வேண்டும். கன்கஷனில் முதலில் கலங்குவதே அந்தத் தெளிவுதான். "நான் நன்றாக இருக்கிறேன்" என்று அந்த நேரத்தில் வீரர் சொல்வது மருத்துவச் சான்று ஆகாது. போதாக்குறைக்கு ஒப்பந்தம் முடியப்போகும் இளம் வீரர், தன் இடத்துக்கு இன்னொருவர் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறார். அதைச் சுதந்திரமான முடிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. சமூக மட்டத்தில் ஆடுகிறவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கன்கஷனுக்குப் பின் குறைந்தது 21 நாள் ஓய்வு என்று ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024இல் பரிந்துரைத்திருக்கிறது. தொழில்முறை வீரருக்கு ஏன் 11 நாள்? அவருக்குக் கிடைக்கும் மருத்துவக் கவனிப்பு கூடுதல் என்கிறார்கள். இருக்கலாம். அடுத்த மோதலின் வேகமும் கூடுதல்.

மாற்று வீரர் விஷயத்தில் நிர்வாகம் காட்டிய தயக்கம் இன்னும் விசித்திரமானது. வழக்கமான மாற்று வீரர்களுக்கு மேல் 18ஆவது ஆளை 2021இல் என்ஆர்எல் அனுமதித்தபோது விதித்த நிபந்தனை, ஒரே அணியில் மூன்று பேர் தலைக்காயப் பரிசோதனையில் தோற்றிருக்க வேண்டும், அல்லது எதிராளியின் தண்டனைக்குரிய முறைகேட்டால் காயம்பட்டிருக்க வேண்டும் என்பது. அதாவது மருத்துவர் சொன்னபடி ஒருவரையோ இருவரையோ வெளியே உட்காரவைத்த அணி, ஆள் குறைந்த தண்டனையையும் சேர்த்து அனுபவிக்க வேண்டியிருந்தது. ஏமாற்றுவார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நமக்கும் பழக்கமானது. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்திய வீரர் ஜடேஜா தலையில் அடிபட, கன்கஷன் மாற்றாக வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனபோது ஆஸ்திரேலிய முகாம் கொதித்ததை கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இருந்தும் கிரிக்கெட், முதல் ஆளுக்கே மாற்று என்ற 2019 விதியைக் கைவிடவில்லை. ஏமாற்றுகிறவரைச் சுயாதீன மருத்துவர் பிடிக்கட்டும். உண்மையாக அடிபட்டவரின் அணியைத் தண்டிக்க வேண்டாம்.

இனி அந்தச் சின்ன அடிகள். இதுவரை சொன்ன விதிகள் எல்லாம் கேமரா முன்னால் நடக்கும் 80 நிமிடத்துக்கு. வாரத்தின் மீதி நாள்களில், பயிற்சி மைதானத்தில், எத்தனை முறை மோதுகிறார்கள் என்பது பெரும்பாலும் கிளப்புக்குத்தான் தெரியும். பயிற்சியும் கொல்லும் என்பதை 2020 நவம்பரில் பார்த்தோம். மேன்லி கிளப்பின் 20 வயது வீரர் கீத் டிட்மஸ், பருவத்துக்கு முந்தைய பயிற்சிக்குப் பிறகு சரிந்து அன்றே இறந்தார். கடும் உழைப்பால் உடல் வெப்பம் எல்லை மீறியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அது தலைக்காயம் அல்ல, வேறு வகை ஆபத்து. ஆனால் கண்காணிப்பு இல்லாத இடம் எது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீக், வீரர் சங்கத்தோடு 2011இல் செய்த ஒப்பந்தத்திலேயே, ஒரு பருவத்தில் முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சிகளை 14க்குள் நிறுத்தியது. லீக் உலகமும் அதுபோல எண்ணிக்கை குறித்த உச்சவரம்பை எழுத வேண்டும். அது ஆஸ்திரேலிய, இங்கிலாந்து லீக்குகளின் எல்லா கிளப்புகளையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்த வேண்டும். வட இங்கிலாந்தின் சின்ன கிளப்புகள் செலவு தாங்காது என்று சொல்லவும் இதில் இடமில்லை. பயிற்சியில் மோதாமல் இருக்கக் காசு வேண்டாம். எதிரணியும் அதே வரம்புக்குள் ஆடுவதால் எந்த கிளப்பின் தரவரிசையும் இதனால் சரியாது. அடுத்த பருவத்தின் விதிப்புத்தகத்தில் இந்த வரம்பும், முதல் கன்கஷனுக்கே மாற்று வீரரும் இடம்பெற வேண்டும். எழுதும் அதிகாரம் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் லீக்கை நடத்தும் அமைப்புகளிடம்தான் இருக்கிறது. கிளப்புகளின் சம்மதத்துக்காக அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.