விட்ட ஓட்டத்தைத் தொடரலாமே!

பள்ளி விளையாட்டு விழாவில் தாய்மார்களுக்கும் பழைய மாணவியருக்கும் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் வைக்கிறார்கள். கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு இருபது முப்பது அடி நடக்க வேண்டும். பழம் விழுந்தால் சிரிப்பு; விழாவிட்டால் ஒரு சோப்புப் பெட்டி. வேடிக்கைதான், நாங்களும் கைதட்டி ரசிக்கிறோம். ஆனால் இதே மைதானத்தில், இதே சுண்ணாம்புக் கோட்டின்மேல் 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடிய பெண்கள், நாற்பது வயதில் எலுமிச்சம்பழத்துக்கு மேல் எதற்கும் ஆகமாட்டார்கள் என்று யார் தீர்மானித்தது? இக்கேள்வியைத்தான் இங்கே கேட்க விரும்புகிறோம்.

நாங்கள் இப்பள்ளியின் பழைய மாணவியர் சிலர். பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடாமல் இருந்துவிட்டு மீண்டும் ஓடத் தொடங்கியவர்கள். எங்களில் பலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தது, ஓட்டம் நின்றது. சிலருக்கு, "பெரிய பெண் ஆகிவிட்டாள், இனி என்ன ஓட்டம்?" என்ற ஒரு சொல்லிலேயே நின்றது. அப்புறம் கல்லூரி, வேலை, கலியாணம், குழந்தைகள். யாரும் எங்களைக் கட்டிப்போடவில்லை. ஆனால் "மறுபடி ஓடேன்" என்று சொன்னவரும் ஒருவரில்லை.

நெடுந்தூர ஓட்டம் பெண்களுக்கு ஆகாது என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் முளைத்ததன்று. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் எல்லைக் கோட்டைத் தொட்டார்கள். ஆனால் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் சில எழுதின. ஓடிக் களைத்து மூச்சு வாங்கினால் ஆணுக்கு அது வீரம், பெண்ணுக்கு விபரீதம் போலும்! அதன்பின் 32 ஆண்டுகள், 1960-இல் ரோம் ஒலிம்பிக் வரை, 200 மீட்டருக்கு மேற்பட்ட தனிநபர் ஓட்டம் பெண்களுக்கு இல்லாமலே போயிற்று. 1500 மீட்டர் 1972-இல் வந்தது. மராத்தானுக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கும் குறைவில்லை. எத்தியோப்பியாவின் தெரார்த்து துலு 1992-இல் பார்சலோனாவில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றவர். இடையில் காயம், 1998-இல் மகப்பேறு. 2000-இல் ஒரு குழந்தையின் தாயாகச் சிட்னிக்கு வந்து, அதே ஓட்டத்தில் மறுபடியும் தங்கம் பெற்றார். 2009-இல், தமது 37-ஆம் வயதில், நியூயார்க் மராத்தானையும் வென்றார். அமெரிக்காவில் மடோனா பியூடர் என்றொரு கன்னியர் சகோதரி. 1930-இல் பிறந்தவர், 48-ஆம் வயதில்தான் ஓடவே தொடங்கினார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் மேல் ஒரு முழு மராத்தான் அடங்கிய 'அயர்ன்மேன்' போட்டியை 2012-இல், 82-ஆம் வயதில், 17 மணி நேர வரம்புக்குள் முடித்தார். நம் அருட்சகோதரிகள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்கவும் வேண்டுகிறோம்.

திரும்பி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் பழைய நிலைக்கு வருவதில்லை. இதயமும் மூச்சும் சீக்கிரம் பழகிவிடும். சில வாரங்களிலேயே இரைப்பு குறைவது தெரியும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவையும் எலும்பும் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போ, போ" என்னும். குதிகால் "நில்" என்னும். இதில் பழைய ஓட்டக்காரிக்குத்தான் ஆபத்து அதிகம். புதியவள் பயந்து மெல்லப் போவாள். பழையவளின் மனத்திலோ பதினாறு வயதின் வேகம் அப்படியே குடியிருக்கிறது; அந்த வேகத்தைத் தாங்கிய கால்கள் மட்டும் இப்போது இல்லை.

ஆகவே நாங்கள் கைக்கொண்ட முறை இது. ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. வாரத்தில் மூன்று நாள் மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டினோம். நிற்காமல் இருபது நிமிடம் ஓட எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. ஓடும்போது தடையின்றிப் பேச முடிய வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் அளவுகோல். நாங்கள் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறோம். அதைப் பத்துத் துண்டாக்கிச் சொல்ல நேர்ந்தால் வேகம் அதிகம் என்று பொருள். (எங்கள் குழுவில் உள்ள இந்து, இஸ்லாமியத் தோழியருக்கும் இப்பள்ளியில் படித்த புண்ணியத்தால் அது மனப்பாடம்!)

இன்னொன்று. இரண்டு வாரமாகியும் படி ஏறினாலே இரைக்கிறது என்றால், "எனக்கு வயதாகிவிட்டது" என்று தீர்ப்பெழுதிக்கொள்ளுமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது. முருங்கைக்கீரையும் பயறும் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டோடு காப்பி, தேநீர் குடிப்பதை விட வேண்டும். இரும்புச்சத்து உடலில் சேர, உணவின்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்வது நல்லது. எலுமிச்சம்பழத்துக்கு உருப்படியான வேலை இங்கேதான் இருக்கிறது! இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களும், புதிதாய்ப் பிரசவித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

"நடந்தால் போதாதா?" என்பார்கள். உடல்நலத்துக்கு நடை போதும், மறுக்கவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடம் கடும் உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நேரமில்லாதவளுக்கு ஓட்டம் ஒருவகையில் சிக்கனமே. ஆனால் நாங்கள் கணக்குப் பார்த்து ஓடவில்லை. ஓட்டம் எங்களுக்குத் தெரிந்த வித்தை. சிறுவயதில் பாட்டுக் கற்றவள் இருபது ஆண்டு கழித்துச் சுருதிப்பெட்டியைத் தூசி தட்டி எடுத்தால், "பேசினால் போதாதா?" என்று யாராவது கேட்கிறார்களா?

உண்மையான தடை முழங்காலில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஓடத்தக்க நேரம் காலை ஐந்திலிருந்து ஆறரை வரை. இல்லத்தரசிக்கு மூச்சுவிட நேரமில்லாத வேளையும் அதுவே. பால் காய்ச்ச வேண்டும், குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், மூன்று டிபன் டப்பா கட்ட வேண்டும். பெற்றோர் பகுதியில் இதைப் படிக்கும் தந்தையர்க்கு ஒரு சொல்: வாரத்தில் மூன்று நாள் நீங்கள் காய்ச்சினால் பால் திரிந்துபோகாது. எங்களில் ஒருவரின் கணவர் இட்லி ஊற்றக் கற்றுக்கொண்டுவிட்டார்; பிள்ளைகள் முதல் மாதம் முணுமுணுத்தார்கள், இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். உடையைப் பற்றியும் பேச்சு எழும். சுடிதாரில், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு தாராளமாக ஓடலாம். காலணியில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

தாய்மார்களைவிட முக்கியமாக நாங்கள் எண்ணுவது, ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் இப்போது படிக்கும் பெண்களைத்தான். எலும்பின் உறுதி இருபதுகளின் இறுதிக்குள் சேர்ந்தால்தான் உண்டு. பிறகு இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். அந்த வயதில் பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்து, காலையும் மாலையும் டியூஷனில் உட்கார வைக்கிறோம். நாற்பது நிமிட ஓட்டத்தால் மதிப்பெண் குறைந்தது என்று சொல்லும் பெற்றோர், தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் போன நாற்பது நிமிடத்தை ஏன் எண்ணுவதில்லையோ!

தலைமை ஆசிரியை அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். சாலையில் விடியுமுன் விளக்கில்லை. தெருநாய்களும் மணல் லாரிகளும் உண்டு. திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களில் காலை 5.15 முதல் 6.30 வரை மைதானத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட அனுமதி தர வேண்டும். மடத்தில் காலைப் பூசை நேரமாதலால் சத்தமின்றி ஓடுவோம். காவலாளிக்குக் கூடுதலாகத் தர வேண்டியதை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். மழைக்காலத்தில் மேற்கு மூலையில் தண்ணீர் தேங்குகிறது. ஒரு லாரி செம்மண் போதும், அதையும் பார்த்துக்கொள்கிறோம். தாயாருடன் வரும் மாணவியரையும் சேர்த்துக்கொள்வோம். வர விரும்புவோர், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உடற்பயிற்சி ஆசிரியையிடம் பெயர் கொடுக்கலாம்.