கரங்களில் ஏந்தி வரப்பட்ட குழந்தைகள்



2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு சூசையப்பர் இரவோடிரவாக எகிப்துக்குச் சென்ற நிகழ்வே அன்றைய நற்செய்தி (மத் 2:13-15, 19-23). நடுவே உள்ள மூன்று வசனங்கள் அன்றைய திருப்பலியில் வாசிக்கப்படுவதில்லை. பெத்லகேமில் கொல்லப்பட்ட பச்சிளம் குழந்தைகளையும், ஆறுதல் பெற மறுத்த இராகேலின் அழுகையையும் சொல்லும் வசனங்கள் அவை. வாசிக்கப்படாத அந்தப் பகுதிதான் அன்று காலை நம் கடற்கரையில் நடந்தேறியது.

சுனாமியில் தமிழகத்தில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தனர். அப்போது காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த நம் பகுதியில், கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரையிலான கரையோரக் குப்பங்களும் அலையில் சிக்கின. விடுமுறை நாள் என்பதால் மணலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் பலர். 2002-இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்திற்கு அன்று வயது இரண்டே ஆண்டுகள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் யூபிலி ஆண்டைத் தொடங்கி வைத்தார். எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்பது அதன் கருப்பொருள். மறைமாவட்டங்களில் அந்த யூபிலி தொடங்கியது டிசம்பர் 29 அன்று, அதே திருக்குடும்ப விழாவில். 2026 ஜனவரி 6 அன்று யூபிலி நிறைவுற்றது. ஆனால் கடற்கரைத் தாய்மார் கேட்கும் கேள்வி நிறைவுறவில்லை. அலை கொண்டுபோன என் பிள்ளை இப்போது எங்கே?

இக்கேள்விக்கு அவசரப்பட்டுத் தவறான பதில் சொல்வோர் உண்டு. பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்றார்கள் சிலர். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று சொல்லி, ஆண்டவரே இந்த விளக்கத்தை மறுத்துவிட்டார் (லூக் 13:4-5). அவர் மூடிய கதவை நாம் திறக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. இறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெறாதவர்கள். நம் பங்குகளிலும், திருமுழுக்குக்கு முன்பே மகவை இழந்த பெற்றோர் இருக்கிறார்கள். முற்காலத்தில் அத்தகைய குழந்தைகளுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது. அவர்கள் லிம்போ என்ற நிலையில் இருப்பார்கள் என்று இறையியலாளர் பலர் கற்பித்தனர். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைகளுக்கு, ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்த வழிவகுத்தது. மறைக்கல்வி நூல் (எண் 1261) இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. 2007-இல், திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவர்களின் ஒப்புதலோடு பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு வெளியிட்ட ஏடு, இவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று எதிர்நோக்குவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்ற முடிவுக்கு வந்தது. இது நிச்சயமான அறிவு அல்ல, எதிர்நோக்கு என்பதையும் அவ்வேடு மறைக்கவில்லை.

வெறும் எதிர்நோக்குதானா என்று நாம் சோர்ந்துவிட வேண்டாம். பெத்லகேமின் மாசில்லாக் குழந்தைகள் திருமுழுக்குப் பெறவில்லை. இயேசுவின் பெயரையும் அறியவில்லை. ஆயினும் திருச்சபை டிசம்பர் 28 அன்று அவர்களைப் புனிதர்களாகக் கொண்டாடுகிறது.

இங்கேதான் குழந்தையைப் போல் ஆவது என்பதன் பொருள் விளங்குகிறது. கள்ளமில்லாமை, எதையும் கேள்வி கேட்காமல் ஏற்பது என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்கிறோம். ஆனால் லூக்கா 18:15-ஐக் கவனியுங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்கள் கைக்குழந்தைகள். அவர்களாக நடந்து வரவில்லை, எதுவும் கேட்கவில்லை, பிறர் கரங்களில் வந்தார்கள். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்று நம் மண்ணின் வைணவப் பெரியோர் இரு உவமைகள் சொல்வதுண்டு. அந்தக் கைக்குழந்தைகள் பூனைக்குட்டிகள். இறையாட்சி இத்தகையோரதே என்றால், செபமும் தவமும் செய்கிற நாமும் இறுதியில் ஏந்திச் செல்லப்பட்டே மீட்படைகிறோம். நம் பிடி தளரும் வேளையிலும் அவர் பிடி தளராது. நமக்காக நாம் வைக்கும் எதிர்நோக்கு வேறு, அந்தப் பிள்ளைகளுக்காக வைக்கும் எதிர்நோக்கு வேறு அல்ல.

அப்படியானால் கைகட்டிக் காத்திருக்கலாமா? கூடாது. எச்சரிக்கை கேட்டதும் சூசையப்பர் எழுந்து புறப்பட்டார். அதுவும் விசுவாசமே. 2004-இல் நமக்கு எச்சரிக்கை தர எவருமில்லை. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது வீண் வேலை அல்ல. இறைவன் ஏந்தும் கரங்கள் பல வேளைகளில் நம் கரங்களே. அதுபோல, இரக்கத்தை நம்புகிறோம் என்பதற்காகத் திருமுழுக்கைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

மகவை இழந்த தாய் நம் பங்கில் இருந்தால், இந்த ஆண்டு மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். விளக்கம் சொல்லாமல் அவர் அருகில் அமர்வோம். 2024-இல் யூபிலி தொடங்கிய திருக்குடும்ப விழாவின் நற்செய்தி, தொலைந்த பிள்ளையை மூன்று நாள் துயரத்தோடு தேடிய பெற்றோர், தந்தையின் இல்லத்தில் அவரைக் கண்டடைந்ததைச் சொல்கிறது (லூக் 2:41-52). நம் கடற்கரைப் பெற்றோரும் அங்கேயே தம் பிள்ளைகளைக் கண்டடைவார்கள் என எதிர்நோக்கி மன்றாடுவோம்.